கோடு போடும் முன் தண்ணீர் எங்கே போகும்?

வாசகர் கேள்வி – பதில்: கடலூர், புதுச்சேரி வட்டாரத்தில் புதிதாக மனைப்பிரிவு போடுபவர்களும் மனை வாங்குபவர்களும் அனுப்பிய கேள்விகளுக்கு, கட்டடப் பொறியாளரும் நகரமைப்பாளரும் அடங்கிய எங்கள் குழு பதில் சொல்கிறது.

நெல்லிக்குப்பம் சாலையை ஒட்டி எங்களுக்கு 5 ஏக்கர் நன்செய் இருக்கிறது. அண்ணன் தம்பி மூவரும் சேர்ந்து லேஅவுட் போட நினைக்கிறோம். மெயின் ரோட்டைவிட நிலம் 2 அடி பள்ளம். 3 அடி கிராவல் அடித்துவிட்டால் பிரச்சினை தீர்ந்தது என்கிறார் புரோக்கர். அப்படிச் செய்யலாமா? — வாசகர், கடலூர்

டிப்பரைக் கூப்பிடுவதற்கு முன் லெவல் எடுப்பவரை, அதாவது நிலத்தின் மேடு பள்ளத்தைக் கருவி வைத்து அளப்பவரைக் கூப்பிடுங்கள். 5 ஏக்கரில் 3 அடி என்றால் 6,534 யூனிட் மண் (ஒரு யூனிட் 100 கன அடி). நிரவி ரோலர் ஓட்டினால் அமுங்கும் என்பதால் ஐந்தில் ஒரு பங்கு கூடுதலாகத் தேவைப்படும். லோடுக்கு 3 யூனிட் என்றால் ஏறக்குறைய 2,600 லோடு. எங்கோ ஒரு குன்றைக் குடைந்துதான் அத்தனை மண்ணும் வர வேண்டும். பணமும் போகும், பிரச்சினையும் தீராது. அது பக்கத்து நிலத்துக்கு இடம் மாறும், அவ்வளவுதான்.

ஏன் என்று பாருங்கள். வரப்புக்குள் அரையடி தண்ணீர் நின்றாலே 5 ஏக்கரில் சுமார் 30 லட்சம் லிட்டர் தங்குகிறது. உங்கள் வயல் இத்தனை காலமும் ஊருக்குச் செய்துவந்த வேலை அது. மேட்டைப் போட்டுவிட்டால் அந்தத் தண்ணீர் அண்டை வயலுக்கோ அடுத்த தெருவுக்கோ போகும். 2015 நவம்பர், டிசம்பர் மழையிலும், 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயலை அடுத்து தென்பெண்ணை கரைபுரண்டபோதும் தண்ணீர் எங்கெங்கே நின்றது என்பது அக்கம்பக்கத்துச் சுவர்களில் கறையாகத் தெரியும். அந்தக் கறையின் உயரத்தையும் லெவல் எடுக்கும்போதே குறித்துக்கொள்ளச் சொல்லுங்கள். நாங்கள் கேட்கும் முதல் எண் அதுதான்.

லெவலை 10 மீட்டருக்கு ஒரு புள்ளி என்று எடுக்க வேண்டும். நம் கடற்கரைச் சமவெளி தட்டையானது. 50 மீட்டருக்கு ஒரு புள்ளி எடுத்தால் அரையடிப் பள்ளம் கண்ணுக்கே படாது; ஆனால் வெள்ளம் அந்த அரையடியில்தான் முடிவாகிறது. நிலத்தோடு சேர்த்து மூன்று இடங்களில் கட்டாயம் லெவல் வேண்டும்: மெயின் ரோட்டுச் சிறுபாலத்தின் தரை, மழைநீர் போய்ச் சேரும் வாய்க்காலின் தரை, அந்த வாய்க்காலில் மழைக்காலத்தில் தண்ணீர் ஏறும் உச்சம். சிறுபாலம் உங்கள் நிலத்துக்குள் திறக்கிறது என்றால் ரோட்டுக்கு அந்தப் பக்கத்துத் தண்ணீருக்கும் நீங்கள்தான் வழி. அதை அடைத்து மனை போட்டுவிட்டு, பிறகு வெள்ளம் வந்தது என்று வருந்திப் பயனில்லை. எல்லையை ஒட்டி அதற்கென்று தனி வாய்க்கால் விட்டுவிடுங்கள்.

இப்போது வடிகால் கணக்கு. மணிக்கு 6 செ.மீ. வேகத்தில் மழை கொட்டி, அதில் 60 சதவீதம் ஓடி வந்தால், 5 ஏக்கரிலிருந்து நொடிக்கு 200 லிட்டர் வெளியேற வேண்டும். 60 செ.மீ. அகலம், 60 செ.மீ. ஆழமுள்ள கான்கிரீட் வடிகாலில் 45 செ.மீ. உயரத்துக்குத் தண்ணீர் ஓடினால், 500 மீட்டருக்கு 1 மீட்டர் இறக்கம் இருக்கும்போது நொடிக்கு 250 லிட்டர் போகும். அதே வடிகால் 1,000 மீட்டருக்கு 1 மீட்டர் இறக்கத்தில் 180 லிட்டர்தான் கடத்தும். வடிகால் ஒன்றுதான். அது போதுமா போதாதா என்பதைக் கொத்தனார் பிடிக்கும் நூல்மட்டம் தீர்மானிக்கிறது. ஒவ்வொரு 10 மீட்டருக்கும் தரை லெவலைச் சரிபார்த்த பிறகே கான்கிரீட் போட விடுங்கள்.

உங்கள் வடிகாலின் நீளம் 250 மீட்டர் என்று வையுங்கள். தொடக்கத்தில் 60 செ.மீ. ஆழம், கடைசியில் 1.1 மீட்டர். வாய்க்கால் தரை உங்கள் வயலைவிட 1.2 மீட்டர் தாழ்வாக இருந்தால், ஒரு லோடு மண்ணும் அடிக்காமலே தண்ணீர் வடிந்துவிடும். தெருக்களைச் சிறிதளவும், வீடு கட்டும் இடத்தைச் சுவர்க்கறைக்கு மேலேயும் உயர்த்தினால் போதும்.

வாய்க்காலே நிரம்பி நிற்கும் இரண்டு மூன்று நாள்களை எப்படிச் சமாளிப்பது? அதற்குக் குளம் வேண்டும். மனை போட்டபின் ஓடும் தண்ணீர், வயலாக இருந்தபோது ஓடியதைவிடக் கூடும். ஒரே நாளில் 20 செ.மீ. மழை பெய்து, அதில் 30 சதவீதம் கூடுதலாக ஓடினால் 12 லட்சம் லிட்டர். சராசரியாக 1 மீட்டர் ஆழமுள்ள 30 சென்ட் குளம் இதைத் தாங்கும். உங்கள் நிலத்தில் இது 6 சதவீதம். இங்கே பலரும் செய்யும் தவறு, இடத்தை மிச்சப்படுத்த 10 சென்டில் 3 மீட்டர் ஆழம் தோண்டுவது. கார்த்திகையில் நிலத்தடி நீர் தரைக்குக் கீழே 4 அடி வரை ஏறிவிட்டால் அந்தக் குளம் மழைக்கு முன்பே பாதிக்கு மேல் நிறைந்திருக்கும். நீர்மட்டத்துக்கு மேலே உள்ள ஆழம்தான் கணக்கில் வரும். கரையை 1 மீட்டர் உயரத்துக்கு 3 மீட்டர் சாய்வாக விடுங்கள். குழந்தை தவறி விழுந்தாலும் ஏறி வர முடியும். வெளியேறும் குழாயின் வாயில் ஒருவழிக் கதவு வையுங்கள். இல்லாவிட்டால் வாய்க்கால் தண்ணீர் உள்ளே ஏறும். கெடிலம், உப்பனாற்று முகத்துவாரங்களுக்கு அருகில் கடல் ஏற்றத்தின்போது இது மழையில்லாத நாளிலும் நடக்கும்.

குளத்தில் தோண்டிய களிமண்ணைப் பேஸ்மென்ட்டுக்குள் கொட்டாதீர்கள். நனைந்தால் உப்பி, காய்ந்தால் சுருங்கித் தரையைப் பிளக்கும். பூங்கா மேட்டுக்கும் தெருவோர மரக்குழிக்கும் அது நல்ல மண். பேஸ்மென்ட்டுக்குக் கிராவலோ மணலோ போட்டு, முக்கால் அடிக்கு ஓர் அடுக்கு என்று தண்ணீர் ஊற்றித் திமிசு போடுங்கள்.

இத்தனைக்கும் பிறகு எத்தனை மனை தேறும் என்பது உங்கள் அடுத்த கேள்வியாக இருக்கும். 5 ஏக்கரில் தெருக்களுக்கு 28 சதவீதமும், மீதியில் பூங்காவுக்கு விட வேண்டிய 10 சதவீதமும் போனால் 1,200 சதுர அடி மனைகள் 117 வரும். குளத்தையும், அடுத்த பதிலில் சொல்லும் கழிவுநீர் நிலையத்துக்கான 32 சென்ட் இடத்தையும் சேர்த்தால் 95-க்கு இறங்கும். மண் அடிக்காததால் மிச்சமாகும் 2,600 லோடு இந்த 22 மனைகளின் விலையை எந்த அளவுக்கு ஈடுகட்டும் என்று உங்கள் ஊர் விலையில் போட்டுப் பாருங்கள். 95 மனைகளும் தண்ணீர் நிற்காத மனைகள் என்பதையும் சேர்த்தே கணக்குப் போடுங்கள்.

எங்கள் நகரில் ஒவ்வொரு மழைக்காலத்திலும் சோக் பிட் (உறிஞ்சுகுழி) நிரம்பி, கழிவறைத் தண்ணீர் மேலே வருகிறது. பக்கத்தில் 100 வீடுகளுக்குப் புதிய மனைப்பிரிவு வருகிறது. அங்காவது இதைத் தவிர்க்க என்ன செய்ய வேண்டும்? — வாசகி, வில்லியனூர்

மழைக்காலத்தில் நிலத்தடி நீர் தரையிலிருந்து 1.8 மீட்டருக்குள் ஏறும் இடத்தில் உறிஞ்சுகுழியே போடக் கூடாது. குழி சரியாகக் கட்டப்படவில்லை என்று கொத்தனாரைக் குறை சொல்வார்கள். உண்மையில் அந்தக் குழிக்குத் தண்ணீரை அனுப்ப இடமே இல்லை. சுற்றிலும் உள்ள மண் ஏற்கனவே நிறைந்துவிட்டது. வெளியேறுவதற்குப் பதில், நிலத்து நீர்தான் குழிக்குள் வரும். 18 மீட்டருக்குள் கைபம்போ கிணறோ இருந்தால் நிலைமை இன்னும் மோசம்.

மண் உறிஞ்சுமா என்று பார்க்க எளிய சோதனை இருக்கிறது. உறிஞ்சுகுழி வரப்போகும் ஆழத்துக்கு, ஒரு அடி அகலத்தில் குழி எடுங்கள். பக்கச் சுவர்களைக் கத்தியால் கீறிவிடுங்கள். மண்வெட்டி பட்டு மெழுகியதுபோல் இருந்தால் சோதனை தவறாகும். அடியில் 5 செ.மீ. சிறு ஜல்லி பரப்பி, ஒரு அடி உயரத்துக்குத் தண்ணீர் ஊற்றி இரவு முழுக்க ஊற விடுங்கள். மறுநாள் ஜல்லிக்கு மேல் 15 செ.மீ. தண்ணீர் நிற்கும்படி சரிசெய்து, அரை மணி நேரத்தில் எவ்வளவு இறங்குகிறது என்று அளவுகோலால் பாருங்கள். 2.5 செ.மீ. இறங்க ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும் என்றால் அந்த மண் எந்த உறிஞ்சுகுழிக்கும் உதவாது. இதைச் சித்திரையில் செய்து ஏமாறாதீர்கள். ஐப்பசி, கார்த்திகையில் செய்யுங்கள்.

100 வீடு, வீட்டுக்கு 4 பேர், ஆளுக்கு ஒரு நாளைக்கு 135 லிட்டர் என்றால் 54,000 லிட்டர் நீர். அதில் 80 சதவீதம், அதாவது சுமார் 43,000 லிட்டர் கழிவாக வரும். இதைச் சுத்திகரிக்க நிலையம் வேண்டும். புளோயர் வைத்துக் காற்று ஊதும் பேக்கேஜ் நிலையத்துக்கு இடம் குறைவாகத்தான் தேவை, அதனால் புரொமோட்டர்களுக்குப் பிடிக்கும். ஆனால் மனை விற்ற கையோடு அவர் போய்விடுவார், மின்கட்டணம் குடியிருப்போர் தலையில் விழும். தானே புயல் 2011 டிசம்பர் 30-இல் கரையைக் கடந்தபின் கடலூர் மாவட்டத்தில் பல ஊர்களில் வாரக்கணக்கில் மின்சாரம் இல்லை. காற்று நின்றால் அந்த நிலையத்தின் நுண்ணுயிர்கள் ஓரிரு நாளில் செத்துவிடும். ஆகவே தனி மனைகள் கொண்ட நகருக்கு மின்சாரம் கேட்காத முறையையே பரிந்துரைக்கிறோம்: படிவுத் தொட்டி, அதை அடுத்துத் தடுப்புச் சுவர்கள் வழியாகக் கழிவு ஏறி இறங்கும் காற்றில்லாத் தொட்டி, பிறகு ஜல்லிப் படுகையில் கல்வாழை, நாணல், சம்பு நட்ட வடிகட்டி. புதுச்சேரிக்குப் பக்கத்தில் ஆரோவில்லில் இந்த முறை பல ஆண்டுகளாகப் புழக்கத்தில் இருக்கிறது. போய்ப் பார்த்துவிட்டு முடிவெடுக்கலாம்.

இதற்கு இடம் நிறைய வேண்டும். தொட்டிகள் தரைக்கு அடியில் போய்விடும். ஜல்லிப் படுகைக்கு ஒரு நாளைய 1,000 லிட்டர் கழிவுக்கு 30 சதுர மீட்டர் என்று வைத்தால் 1,300 சதுர மீட்டர், அதாவது 32 சென்ட். பூங்காவுக்கென்று உள்ளாட்சிக்குத் தானப் பத்திரம் எழுதிக் கொடுக்கும் இடத்தில் இதைத் திணிக்கக் கூடாது. தனியாக ஒதுக்க வேண்டும்.

தவறு நடக்கும் இடங்கள் மூன்று. முதலாவது, குழாயின் சரிவு. 150 மி.மீ. குழாய்க்கு 150 மீட்டருக்கு 1 மீட்டர் இறக்கம் கொடுத்தாலும், 300 மீட்டர் போவதற்குள் 2 மீட்டர் இறங்கிவிடும். தொடக்க ஆழத்தையும் சேர்த்தால் கிட்டத்தட்ட 3 மீட்டர் பள்ளம். வில்லியனூர்ப் பக்கம் அந்த ஆழத்தில் தண்ணீர் ஊறும், குழாய் இணைப்புகள் வழியே உள்ளே புகும். அதனால் நிலையத்தை மூலையில் வைக்காமல் நடுவில் வையுங்கள். அல்லது இரண்டாகப் பிரியுங்கள். இரண்டாவது, நகரில் முதலிரண்டு வருடம் 10, 15 வீடுதான் இருக்கும். 100 வீட்டுக்குக் கட்டிய தொட்டியில் அவ்வளவு சிறிய ஓட்டம் வேலை செய்யாது. ஒன்றுக்கொன்று இணையாக மூன்று வரிசைத் தொட்டி கட்டி, முதலில் ஒன்றை மட்டும் திறங்கள். தொடங்கும்போது சாணக் கரைசலோ, ஓடிக்கொண்டிருக்கும் செப்டிக் டேங்கின் அடிக்கசடோ ஊற்றினால் நுண்ணுயிர் சீக்கிரம் பிடிக்கும். மூன்றாவதுதான் பெரும்பாலான நகர்களைக் கெடுக்கிறது: மொட்டை மாடி மழைநீரைக் கழிவுக் குழாயில் இணைப்பது. ஒரே அடைமழையில் நிலையம் முழுக்கக் கழுவிக்கொண்டு போய்விடும். இணைப்புக் கொடுக்குமுன் ஒவ்வொரு வீட்டிலும் மாடிக் குழாய் எங்கே முடிகிறது என்று சங்கத்தினர் நேரில் பார்க்க வேண்டும்.

அரியாங்குப்பம் பக்கம் ஒரு மனை பார்த்திருக்கிறோம். அப்ரூவல் இருக்கிறது என்கிறார்கள். வேறு எதைப் பார்க்க வேண்டும்? — வாசகர், முதலியார்பேட்டை

அப்ரூவல் இருக்கிறது என்று வாயால் சொல்வது போதாது. எண்ணும் தேதியும் உள்ள வரைபட நகலை வாங்கி, நகரமைப்புக் குழும அலுவலகத்தில் ஒப்பிட்டுப் பாருங்கள். நிலப் பதிவுகளைப் புதுச்சேரியில் நிலமகள் தளத்திலும், தமிழ்நாட்டுப் பகுதி என்றால் பட்டா, அ-பதிவேடு (நிலத்தின் வகையைச் சொல்லும் வருவாய்த்துறைப் பதிவேடு), புலப்படம் (புலத்தின் அளவை வரைபடம்) ஆகியவற்றை அரசின் இணையச் சேவையிலும் எடுக்கலாம். புலப்படத்தில் வாய்க்கால், ஓடை, வண்டிப்பாதை என்று கோடு ஏதாவது உங்கள் மனைக்குள்ளோ தெருவுக்குள்ளோ ஓடுகிறதா என்று பாருங்கள். மனை விற்கும் படத்தில் அந்தக் கோடு பெரும்பாலும் இருக்காது. பதிவேட்டில் ஓடை என்று இருந்தால், இன்று அது தரைமட்டமாக இருந்தாலும் தண்ணீர் தன் பழைய வழியைத் தேடித்தான் வரும். கடலுக்கோ உப்பங்கழிக்கோ அருகில் என்றால் கடலோர ஒழுங்குமுறை மண்டல வரைபடத்தையும் பார்க்க வேண்டும்.

தமிழ்நாட்டில் 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவு என்றால் ரெரா (மனை வணிக ஒழுங்குமுறை ஆணையம்) பதிவெண் அவசியம். தெருவும் பூங்காவும் உள்ளாட்சிக்கு எழுதிக் கொடுக்கப்பட்ட தானப் பத்திரத்தின் எண்ணையும் கேளுங்கள். அது இல்லாமல் பூங்கா என்று காட்டும் இடம், நாளைக்கு இன்னொரு மனையாகிவிடும்.

எல்லாவற்றுக்கும் மேலாக, கார்த்திகை மழை பெய்த மறுநாள் காலை மனைக்குப் போய்ப் பாருங்கள். 2024 ஃபெஞ்சலின்போது புதுச்சேரியில் ஒரே நாளில் 40 செ.மீ.க்கு மேல் பெய்தது. அன்றைக்கு அந்த இடம் எப்படி இருந்தது என்று அருகில் உள்ள பெட்டிக்கடையில் கேட்டால், எந்தச் சான்றிதழிலும் இல்லாத பதில் கிடைக்கும்.

தெருக்களை எந்தத் திசையில் போடலாம்? — வாசகர், பண்ருட்டி

நீளத் தெருக்கள் கிழக்கு மேற்காக ஓடட்டும். வீடுகள் வடக்கு, தெற்கு பார்த்து அமையும். மேற்கு வெயில் பக்கச் சுவரில்தான் படும். பிற்பகலில் கடற்காற்று தெரு நெடுகத் தடையில்லாமல் வரும். கிழக்குப் பார்த்த மனைக்குத்தான் கிராக்கி என்பார்கள். அந்த மனைகளை விற்பது எளிது, மாலையில் அதில் குடியிருப்பது கடினம்.

தானேயில் எங்கள் ஊர் மரங்கள் எல்லாம் சாய்ந்தன. தெருவோரம் எதை நடலாம்? — வாசகி, திருப்பாதிரிப்புலியூர்

புங்கன், பூவரசு, புன்னை, மகிழம், இலுப்பை, வேம்பு. புன்னையும் பூவரசும் உப்புக்காற்றையும் தாங்கும். கொன்றையினத்து அலங்கார மரங்களும் தூங்குமூஞ்சியும் வேகமாக வளரும், அதே வேகத்தில் கிளை முறியும். குழி 3 அடிக்கு 3 அடி, ஆழமும் 3 அடி. சாய்ந்த மரங்களில் பலவற்றின் வேரைப் பார்த்தால், அது ஒரு அடிக் குழியில் சிமென்ட்டுக்கு நடுவே சுருண்டிருக்கும். மரத்தைச் சுற்றி ஒரு மீட்டருக்குள் பேவர் பிளாக் போடாதீர்கள். மின்கம்பி போகும் பக்கம் மகிழம்போல் குட்டையாக நிற்பவை மட்டும். நிலத்தில் பனை இருந்தால் அதற்கேற்ப மனைக் கோட்டை நகர்த்துங்கள், பனையை வெட்டாதீர்கள்.

களிமண் நிலத்தில் மழைநீர்த் தொட்டி பயன்படுமா? — வாசகர், குறிஞ்சிப்பாடி

வழக்கமான ஜல்லிக்குழி பயன்படாது. ஒருமுறை நிரம்பினால் வாரக்கணக்கில் அப்படியே நின்று கொசு வளர்க்கும். களிமண்ணுக்குக் கீழே மணல் அடுக்கு எந்த ஆழத்தில் இருக்கிறது என்று போர் போடுபவரிடம் கேளுங்கள். குழியின் நடுவே 6 அங்குலத் துளையை அதுவரை இறக்கி, துளையிட்ட பி.வி.சி. குழாயைச் செருகி, மேலே மணல், சிறு ஜல்லி, பெரு ஜல்லி என்று வடிகட்டி அமைக்க வேண்டும். மாடித் தண்ணீர் மட்டும்தான் இதற்குள் போகலாம். தெருத் தண்ணீரை விட்டால் எண்ணெயும் சாக்கடையும் நேராக நிலத்தடி நீரில் கலக்கும். 1,000 சதுர அடி மாடியில் 1 செ.மீ. மழைக்கு 930 லிட்டர் கிடைக்கும். நம் பக்கம் ஆண்டு மழை சுமார் 130 செ.மீ. சேதாரம் போக ஒரு வீட்டில் 95,000 லிட்டருக்கு மேல் தேறும். கடற்கரை மணலில் இருப்பவர்கள் ஆழத்துளை போட வேண்டாம். அங்கே நல்ல நீர் உப்பு நீரின் மேல் மெல்லிய அடுக்காக மிதக்கிறது, மேலாகவே விடுங்கள்.

பொது மோட்டாருக்கும் தெருவிளக்குக்கும் சோலார் கட்டுமா? — குடியிருப்போர் சங்கம், லாஸ்பேட்டை

5 எச்.பி. மோட்டார் தினம் 3 மணி நேரம் ஓடினால் 11 யூனிட் மின்சாரம். 20 வாட் விளக்கு 40 எரிந்தால் சுமார் 9 யூனிட். மொத்தம் 20. ஒரு கிலோவாட் நாளுக்கு 4 யூனிட் தரும் என்பதால் 5 கிலோவாட் போதும். 500 சதுர அடிக் கூரை வேண்டும். பிரதமரின் சூரியவீடு திட்டத்தில் குடியிருப்போர் சங்கங்களின் பொது வசதிக்குக் கிலோவாட்டுக்கு ரூ.18,000 மானியம் உண்டு. புதுச்சேரிக்கு வடிவமைப்புக் காற்று வேகம் நொடிக்கு 50 மீட்டர், அதாவது மணிக்கு 180 கி.மீ. சட்டத்தை மாடித் தளத்தின் மேல் வெறும் கான்கிரீட் கட்டையில் உட்கார வைக்காமல், தளத்துக்குள் போல்ட் இறக்கிக் கட்டச் சொல்லுங்கள். துளையைச் சுற்றிக் கசிவு வராமல் அடைத்திருக்கிறார்களா என்று முதல் மழைக்கு முன்பே பாருங்கள்.

எங்கள் நகர் புதிதாக இருந்தபோது ரோடு வாசலைவிடத் தாழ்வு. இப்போது வாசல் தாழ்வு. யாரைக் கேட்பது? — வாசகர், செம்மண்டலம்

ஒவ்வொரு முறை தார் போடும்போதும் 4 செ.மீ. என்றால் மூன்று முறையில் அரையடிக்கு நெருங்கிவிடும். பழைய தாரைச் சுரண்டி எடுத்த பிறகே புதிது போட வேண்டும் என்று 2021-இல் தமிழக அரசின் தலைமைச் செயலாளர் அறிவுறுத்தியிருக்கிறார். வேலை தொடங்கும் முன்பே மாநகராட்சி வார்டு பொறியாளரிடம் அதைச் சுட்டிக்காட்டி எழுத்தில் கொடுங்கள். தார் கொட்டிய பிறகு கொடுத்தால் அடுத்த முறை பார்க்கலாம் என்பார்கள். இப்போதுள்ள ரோட்டின் நடு உயரத்தை ஒரு கட்டடச் சுவரில் பெயின்ட்டால் கோடு போட்டுத் தேதியோடு படம் எடுத்து வையுங்கள். புதிதாக மனை போடுபவர்கள் இந்தக் கோட்டை முதல் நாளே கல்லில் செதுக்கி, தெருமுனையில் நட்டுவிடலாம்.